இடது பக்கத்து இருக்கை

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணமில்லாமல் இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் இருபத்தாறு வருடமாக அவள் இடம், ஓட்டுபவருக்கு இடது பக்கத்து இருக்கை. அங்கே அவள் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. மாணவர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு கடவுளைக் கூப்பிடும் நேரத்தில் பிரேக்கை மிதிப்பது இவள்தான். இவள் புண்ணியத்தில் இன்னும் எத்தனை சுவர்கள் நிற்கின்றன என்று யாருக்குத் தெரியும்!

ஆனால் பாருங்கள், இத்தனை வருடத்தில் ஒரு நெடும்பயணம் அவளே ஓட்டிப் போனதில்லை. வீட்டில் கார் கிடையாது. ஸ்கூல் காரை வெளியே எடுக்க முதலாளி விடமாட்டார். கணவருக்கு ஓட்டவே வராது. மூன்று முறை அவளிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார், மூன்று முறையும் சண்டையில் முடிந்தது. அதனால்தான், அவர் ஓய்வுபெற்றதும் வெளிநாட்டுச் சுற்றுலா என்று பேச்சு வந்தபோது, அவள் ஒரே பிடியாக நின்றாள். கடலோரச் சாலையில் பத்து நாளும் காரை அவள்தான் ஓட்ட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

கூட வருவதாக இருந்த அண்ணன் சிரித்தார். சொந்தக் காரும் அதை ஓட்ட ஒரு டிரைவரும் வைத்திருக்கும் மனிதர் அவர்.

"கத்துக்குடுக்கறது வேற, ஓட்டறது வேறம்மா. அங்க எல்லாமே மாத்தி. வண்டி வலது பக்கமா போகும், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். நீ பேசாம வா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். வாடகைக் காரைத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்தார். தங்கை பெயரைச் சேர்க்கவே இல்லை. இது அவளுக்கு விமானத்தில்தான் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பினாள். யாரைக் கேட்டு அவள் பெயரை விட்டார்? லைசென்ஸைக் கைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சுங்கச் சோதனையில் அவள் பெட்டியை மட்டும் ஓரங்கட்டினார்கள். உள்ளே வட்டமாக ஏதோ தெரிகிறதாம். திறந்தால் அவளுடைய பயிற்சிக் கண்ணாடி. பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க, கார்க் கண்ணாடியில் ரப்பரால் அழுத்தி ஒட்டிக்கொள்வது.

"இதையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்தே? மானம் போகுது" என்று பல்லைக் கடித்தார் அண்ணன்.

"என் தொழில் சாமான், நான் தூக்கிட்டு வருவேன். உங்க மானம் எப்படி இதுல போச்சு?"

இது என்ன என்று அதிகாரி அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். இவளுடைய ஆங்கிலமும் அந்த லட்சணம்தான். ஆகவே வாயைத் திறக்காமல், அவர் முன்னாலிருந்த கண்ணாடித் தடுப்பில் அதை 'டப்'பென்று ஒட்டி, அவர் பக்கம் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி நிற்பது அதில் தெரிந்ததும் மனிதர் விறைப்பாக நிமிர்ந்து, பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் அண்ணனின் லைசென்ஸைக் கேட்டாள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கென்று ஊரிலேயே வாங்கி வந்த சர்வதேச அனுமதிப் புத்தகத்தை அவர் மிடுக்காக நீட்டினார். அது மட்டும் போதாது, அசல் லைசென்ஸும் வேண்டும் என்றாள் அவள். அண்ணன் பர்ஸைத் துழாவினார், பையைத் துழாவினார். பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! லைசென்ஸ் ஊரில், அவர் காரின் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. டிரைவர் ஓட்டும்போது தன் லைசென்ஸைப் பர்ஸில் சுமப்பானேன் என்று என்றோ போட்டு வைத்தது.

"சரி விடு, பஸ் டூர்ல போயிடலாம்" என்றார்.

"நீங்க போங்கண்ணா. நான் கார்ல வர்றேன்."

தன் லைசென்ஸையும் அனுமதிப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தாள். கவுண்டர்ப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டைப் போல வலது பக்கமாக ஓட்டிப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல. ஆனா தப்பு தப்பா ஓட்டறவங்க பக்கத்துல இருபத்தாறு வருஷம் உக்காந்திருக்கேன். எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தா காட்டுங்க, போயிடறேன்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அண்ணன் மறுபடி வாயெடுத்தார். அதுவரை மைத்துனர் பேச்சுக்கு மறுபேச்சே பேசாத கணவர், "மச்சான், அவ ஓட்டட்டும்" என்றார்.

சாவி கைக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பேசுவதைப் பேசியாயிற்று, இனி ஓட்டிக் காட்ட வேண்டுமே! யோசனையில்லாமல், பழக்க தோஷத்தில், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். காலடியில் கிளட்ச், பிரேக். வலது கைக்குக் கியர். திணறும் மாணவர்களுக்கு இதே கையால்தானே மாற்றிக் கொடுப்பாள்! தலை நிமிர்ந்தால், இத்தனை வருடம் அந்த இருக்கைக்கு எதிரில் இல்லாத ஸ்டீயரிங்.

"அட, இது என் சீட்டுடா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

கணவர் பின்னால் ஏறிக்கொண்டார். அண்ணன் வேறு வழியில்லாமல் முன்னால், அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து காரை ரிவர்ஸில் உருவி எடுத்து, வாசலைத் தாண்டி, சாலையின் வலது ஓரத்தைப் பிடித்தாள். முதல் ரவுண்டானாவில் ஒரு லாரி பெரிதாக வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து அதற்கு வழிவிட்டாள். அதற்குள் அண்ணன் இருக்கையைப் பற்றிக்கொண்டு, வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க பிரேக் கிடையாதுண்ணா. எல்லாம் இந்தப் பக்கம் வந்துடுச்சு."