காலையில் மடங்காத கை

காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்கிக் குடிக்கிறேன். பனி விலகி, வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கு வெயில் வந்து, அதில் கையைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு விரலாக இளகும். பகல் சோற்றுக்குப் பிறகு மண்வெட்டி பிடிக்கலாம். இருட்டும்வரை லீக்ஸ் செடிகளுக்கு மண் அணைப்பேன், களை பிடுங்குவேன். மூட்டுவாதம். டயகமவிலிருந்து பஸ் ஏறிப் போய்க் காட்டிய கிளினிக்கில், "இது ஆயுசுக்கும் இருக்கும், மருந்த நிறுத்தாம குடிங்க" என்று டாக்டரம்மா சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு மனிதனை எடை போடுவது விடிகாலையில்தான். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றவன் உழைப்பாளி. நிற்காதவன் சோம்பேறி. கை இப்படி ஆனதும் நான் தோட்ட வேலையை விட்டுவிட்டு, லயத்துக்குப் பின்னால் எங்கள் குடும்பத்துக்குத் தோட்டம் கொடுத்திருந்த துண்டு நிலத்தில் மரக்கறி போட்டேன். மனைவி தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போவார்கள்.

"என்ன மாமா, தொரை இன்னும் வெயில் காயிறீங்களா?" என்பான் பக்கத்து வீட்டுக்காரன்.

"தோட்டத்துத் தொரையே இந்நேரம் மலையில நிக்கிறாருடா. மாமா அவருக்கும் மேல" என்பான் கூட வருகிறவன்.

நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

போன வருடம் ஒரு காலையில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, தோட்டத்துச் சங்கத் தலைவரோடு வாசலுக்கு வந்தார். இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்த என் கையைப் பார்த்தார்.

"பாவந்தான். ஆனா நெலம் சும்மா கெடக்கக் கூடாதே. பாடுபடுறவனுக்குக் குடுத்துருவோம்."

"சும்மா கெடக்கலைங்கய்யா, பின்னால வந்து பாருங்க, லீக்ஸ் முழங்கால் உசரம் நிக்குது" என்றாள் மனைவி.

"நீ மலைக்குப் போம்மா, நேரமாச்சு" என்றார் தலைவர். லயத்தைச் சுற்றி வந்து பார்க்க இருவருக்கும் மனமில்லை.

அன்று பகலுக்குப் பிறகு நிலத்தை அளக்கக் கயிற்றோடு வந்தார்கள். நான் கொத்திக்கொண்டிருந்தேன்.

"அட, நல்லா வெட்டுறீங்களே! அப்ப காலையில காட்டுனது நடிப்பா?" என்றார் கண்டாக்கு. "மண்வெட்டி புடிக்கிற கைக்குப் பெரட்டுக்கு வரத் தெரியாதா?"

காலையில் நோயாளி என்று நிலத்தைப் பறிக்க வந்தவர், சாயங்காலம் நோயே இல்லை என்று பறிக்கிறார். நான் எந்த வேளையில் எப்படி இருந்தால் இந்த நிலம் எனக்கு நிற்கும்?

"காலையில மடங்காத கையும் இதுதாங்க, இப்ப வெட்டுற கையும் இதுதாங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நாளைக்கு விடியக்காலையில வாங்க. நீங்களே இந்த வெரல மடக்கிப் பாருங்க."

தலைவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடியற்காலையில் மடங்காத கையோடு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பகலில் வந்து கம்பு நட்டுவிட்டுப் போனார்கள். பாவம் பார்த்து மேல் பாதியை எனக்கு விட்டார்களாம். தண்ணீர் விழும் பீலியை ஒட்டிய கீழ்ப் பாதி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு. அதில் முக்கால்வாசி வளர்ந்திருந்த என் லீக்ஸை விளையுமுன்பே பிடுங்க வேண்டியதாயிற்று.

அவன் பெரட்டுக்கு ஒரு நாளும் தவறாதவன். அந்த நிலத்தில் இன்றுவரை ஒரு விதை போடவில்லை. மலையிலிருந்து வந்ததும் அலுத்துப்போய்ப் படுத்துவிடுகிறான். அவன் அலுப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் வலியைத்தான் பொய் என்றார்கள்.

பகல் சாய்ந்ததும் பீலியில் தண்ணீர் பிடித்து, வாளியை விரலில் தூக்க முடியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு மேலே ஏறுகிறேன். வழி நெடுக, என்னுடையதாக இருந்த மண்ணில், இடுப்பளவு புல்.