பச்சை ஓலையை வெட்ட விடாத அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது அண்ணன், "பொறுமையின் சிகரம், அன்பின் உறைவிடம்னு ஆரம்பிச்சிடு" என்றார். உறவினர் வீட்டு மலர்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரக் கொஞ்சம் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். இதை வாங்கிப் படிக்கப் போகும் நீங்கள் எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். உங்களிடம் நான் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

அக்கா பிறந்தது பெங்களூரு நீலசந்திராவில், இன்றும் நாங்கள் இருக்கும் இதே சந்து வீட்டில். அப்பா ஆம்பூர் பக்கத்திலிருந்து பெயின்ட் வேலைக்கு வந்தவர். பிள்ளைகளில் அக்கா மூத்தவர், அடுத்து அண்ணன், கடைசியாக நான். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டதால் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார். அண்ணனும் நானும் படித்தது அவருடைய உழைப்பில்தான். பிறகு ஓசூரில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே கை நீட்டினார்கள். அக்கா ஒரு பையோடு திரும்பி வந்தார், மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சமாதானம் பேச வந்த பெரியவர்களிடம், "அடி வாங்கினது நான். பேசறது மட்டும் நீங்களா?" என்று கேட்டார். அவர்கள் காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அவர் வேலைக்குப் போகும் வழியில், தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் மதிலோரம் நரிவால் பனைகள் வரிசையாக நிற்கும். ஓலை புசுபுசுவென்று நரியின் வால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பழங்கள் சிவந்து நடைபாதையில் உதிர்ந்து மிதிபட்டுக் கிடக்கும். ஒருநாள் அக்கா அவற்றை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஊறவைத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, கொட்டைகளை மாடியில் எண்ணெய் டின்களில் மண் போட்டு ஊன்றினார். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காத அக்கா அந்த டின்களுக்குக் காத்திருந்தார். கடைசியில் புல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தபோது சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

அதற்கும் வந்தது பேச்சு. ஆம்பூரிலிருந்து வந்த அத்தை மாடியைப் பார்த்துவிட்டு, "பனை வளர்க்கிற வூடு வெளங்காதுடி" என்றார்கள். "நான் திரும்பி வந்தன்னிக்கே இந்த வூடு வெளங்காதுன்னு சொன்னீங்களே அத்தை. ஒரே வூட்ட எத்தனை தடவை வெளங்காம பண்ணுவீங்க?" என்றார் அக்கா. அத்தை அன்று சாப்பிடாமல் கிளம்பியது உண்மைதான். அதற்கு நான் இப்போதும் வருத்தப்படவில்லை.

எங்கள் மாடி வெறும் தளம். கோடையில் கால் வைக்க முடியாது. தொட்டிகளைத் தளத்தில் வைத்தால் வேர் வெந்துவிடும் என்று அக்கா செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். டேங்கர் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்ற கோடையில்கூட அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவின தண்ணீரையும் சேர்த்து வைத்துக் காலையிலேயே ஊற்றிவிடுவார். கன்றுகளை டின்னிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து பாதியாக அறுத்த நீல டிரம்முக்கும் மாற்றுவது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் சித்திரையில். எல்லோரும் மழைக்காலத்தில் மாற்றச் சொன்னார்கள். "ஈரத்துல குளிர்ல மாத்தினா அப்படியே உக்காந்துக்கும். இதுக்குச் சூட்டுலதான் வேர் ஓடும். தலைக்கு மேல மட்டும் நிழல் குடு" என்பார். ரோஜாவுக்குச் செய்வதுபோல வேரைப் பிரித்து உதறப் போனேன் ஒருமுறை. "வேர்ல கை வெச்சே, கையை ஒடிப்பேன்!" என்றார். மண்கட்டி கலையாமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும், முன்பு இருந்த ஆழத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் புதைக்கக் கூடாது, பச்சையாக இருக்கும் ஓலையை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. இவை மூன்றும் அவர் போட்ட சட்டம்.

மாற்றிய பிறகு கன்று பிழைக்குமா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. துணியில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்து, நடுவில் விரியாமல் நிற்கும் குருத்துக்கும் அதை ஒட்டிய மட்டைக்கும் சேர்த்து நேராக ஒரு கோடு இழுப்பார். குருத்து வளர்ந்தால் அதன் மேல் இருக்கும் பாதிக் கோடு மேலே ஏறிவிடும். கோடு அசையாமல் நின்றால் காத்திருக்க வேண்டும். பனைக்கு உயிர் அந்த ஒரு குருத்தின் அடியில்தான் இருக்கிறது, அது போனால் வேறு கிளை வராது.

சென்ற ஆண்டு சித்திரையில் ஆள் உயரத்துக்கு வந்துவிட்ட கன்றுகளை டிரம்முக்கு மாற்றி முடித்தார். மறுநாள் காலை நிழல் கட்ட ஏறியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆட்டோவில் என் மடியில் சாய்ந்திருந்தார். ஓட்டுநர் "ஏனு ஆகல்ல, ஏனு ஆகல்ல" என்று, ஒன்றும் ஆகாது எனக் கன்னடத்தில் தைரியம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அக்கா என்னிடம் பேசியது ஒன்றுதான். "மேல நிழல் கட்டலடி. வெயில் ஏறதுக்குள்ள கட்டிடு." ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

உடலை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது பாடை தயாராக இருந்தது. தென்னை ஓலை கிடைக்கவில்லை என்று மாடிக்குப் போய், அக்காவின் கன்றுகளை வெட்டிப் பாடையை அலங்கரித்திருந்தார்கள். ஓலைகளோடு குருத்துகளையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். நான் கத்தினேன். "அவளே வளர்த்தது, அவளோடவே போகட்டும்மா" என்றார் ஒரு பெரியவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பச்சை ஓலையைக்கூட வெட்ட விடாத மனுஷியை அவருடைய கன்றுகளின் மேலேயே கிடத்தினார்கள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனை வரை பின்னால் போய்த் திரும்ப வேண்டும். தாரை தப்பட்டை கிளம்பியபோது நான் போகவில்லை. அக்காவின் பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்ட பருத்திச் சேலைகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். "பொணம் எடுக்கிறப்ப இவ எங்கே போறா? அதுவும் செத்தவ சேலையை எடுத்துக்கிட்டு!" என்று கீழே கேட்டது. ஓராண்டாக இந்தக் கேள்வி உங்களில் சிலர் வீட்டில் உலவுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் அச்சிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், போனேன். அக்கா கடைசியாக ஒரு வேலை சொல்லியிருந்தார், அதைச் செய்யப் போனேன். தெருமுனையில் நின்று அழுவதற்கு ஊரே இருந்தது.

மாடியில் மொட்டைத் தண்டுகள் வெயிலில் நின்றன. அழுதுகொண்டே சேலையை நிழலுக்குக் கட்டினேன், முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு உருதுக்காரப் பெண்மணி, நாங்கள் ஆப்பா என்று கூப்பிடுபவர், தன் மாடியிலிருந்து சுவர் தாண்டி வந்து, "அரே, அழுதுக்கிட்டே கட்டினா முடிச்சு நிக்காது. குடு இங்க" என்று சேலையின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் கட்டி முடித்தோம். பிறகு நான் அக்காவின் சாக்குக்கட்டியை எடுத்து, வெட்டுப்பட்ட ஒவ்வொரு குருத்தின் அடியிலும் மட்டையோடு சேர்த்துக் கோடு போட்டேன்.

காரியம் முடிந்ததும் அண்ணன், "அதெல்லாம் செத்துப் போச்சு. டிரம்மைக் காலி பண்ணிட்டு ஷீட் போட்டு ஒரு ரூம் எடுத்துடலாம்" என்றார். "கோடு ஏறலைன்னா நானே காலி பண்றேண்ணா. அதுவரைக்கும் மாடிக்கு வராத" என்றேன். ஓலை இல்லாத கன்று அதிகம் குடிக்காது என்பதால் மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினேன். உரம் போடவில்லை, அசைத்துப் பார்க்கவில்லை. சில கன்றுகளில் குருத்து அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. அவற்றைத் தூக்கிப்போட்ட அன்று அக்கா இரண்டாம் முறை போனதுபோல இருந்தது. மற்றவற்றில் கோடு அப்படியே நின்றது.

ஆனியில் ஒரு காலை, ஒரு கன்றில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. குருத்தில் இருந்த பாதி, நகத்தின் அளவு மேலே ஏறியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் ஆப்பா மாவுக் கையோடு ஓடி வந்தார். அடுத்தடுத்து மற்றவையும் ஏறின. ஆடி முடிவதற்குள் முதல் ஓலை விரிந்தது. சுருண்டு நின்றபோது வெட்டுப்பட்டதால், விரிந்தபோது ஒவ்வொரு இலையின் முனையும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல மொட்டையாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். "அன்னிக்குக் கத்தி என் கையிலதான் இருந்துச்சு" என்றார். எனக்கு அது தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஷீட்டுக்காக வாங்கி வைத்திருந்த கம்பிகளை நட்டு, அண்ணனே பச்சை நிழல்வலை கட்டினார்.

அன்று ஆட்டோவை ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஓட்டிய, பெயர் தெரியாத அந்த ஓட்டுநருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற கார்மென்ட்ஸ் தோழிகளுக்கும், சேலையின் மறுமுனையைப் பிடித்த ஆப்பாவுக்கும், நிழல் கட்டிய அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீடு விளங்காது என்று சொன்ன அத்தைக்கும் தனியாக அழைப்பு அனுப்பியிருக்கிறேன். படையல் முடிந்ததும் எல்லோரும் மாடிக்கு ஏறி வாருங்கள், இந்த முறை சாப்பிட்டுவிட்டே போகலாம்.

முழு முனையோடு புதிய ஓலைகள் வந்துவிட்டன. படையலுக்கு ஆட்கள் வருகிறார்களே, மொட்டையாக நிற்கும் அந்தப் பழைய ஓலைகளையாவது கழித்துவிடலாமே என்று கேட்கிறார்கள். முடியாது. அவை இன்னும் பச்சையாக இருக்கின்றன.