ஏழு காட்டிய மீட்டர்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தெப்ராவில், நான் வேலை செய்யும் மீகூன் என்கிற அரிசி சேமியா ஃபேக்டரியின் பின்பக்கம் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அரிசி ஊறிய தண்ணீரும் மாவு கழுவிய தண்ணீரும் நாள் முழுக்க அதில்தான் வந்து விழும். தொட்டிக்குள் வாழும் பாக்டீரியாக்கள் அந்த மாவைத் தின்று தீர்த்த பிறகே தண்ணீரை ஆற்றில் விடலாம். பதினாறு வருடமாக அவற்றை மேய்க்கிறவள் நான். எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்குத் 'தண்ணி அக்கா' என்றே பெயர்.

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. என்சைம் என்ற ஒன்றை வெளியே விட்டு, மாவைத் துண்டு துண்டாக வெட்டி, அப்புறம்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த என்சைமுக்கு மாப்பிள்ளை முறுக்கு அதிகம். தண்ணீர் புளித்தால் வேலை செய்யாது, காஸ்டிக் சோடா கூடினாலும் செய்யாது. பிஎச் மீட்டர் ஏழுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இளஞ்சூடு பிடிக்கும், சூடு கொஞ்சம் ஏறினால் இன்னும் வேகமாக வெட்டும், அதற்கும் மேலே போனால் கதை முடிந்தது. வெந்த முட்டையை ஐஸில் போட்டாலும் பச்சை முட்டை ஆகுமா? அதே கதிதான் அதற்கும். இதெல்லாம் தெரியாதவள் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் தெரிந்தவள்.

சீனப் பெருநாளுக்கு முன்னால் வருடா வருடம் ஃபேக்டரியைக் கழுவி மூடுவார்கள். கொதிக்கிற காஸ்டிக் தண்ணீரால் பானைகளையும் குழாய்களையும் கழுவி, அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டியில் இரண்டு நாள் ஆற வைத்து, ஆசிட் கலந்து ஏழுக்குக் கொண்டுவந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய தொட்டிக்கு விடுவேன். அந்த வருடம் ஆர்டர் குவிந்ததால் கடைசி பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுவ ஆரம்பித்தார்கள். தனித் தொட்டியின் ஒழுகலை அடைக்க மறுநாளே ஆள் வருவதால் அது உடனே காலியாக வேண்டும் என்றார் மேனேஜர். அவர் சீனர்; தமிழர்கள் நிறைந்த எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"சூடு ஆறட்டும் பாஸ். ரெண்டு நாள் வேணும்."

"ரெண்டு நாளுக்கு எங்க போறது? ஆசிட் ஊத்துங்க, மீட்டர் ஏழு காட்டினா விட்டுடுங்க. போலே லா, முடியும் அக்கா."

ஊற்றினேன். காஸ்டிக்கும் ஆசிட்டும் சேர்ந்தால் சூடு இன்னும் ஏறும். மூஞ்சியில் அடிக்கிற மாதிரி நீராவி கிளம்பியது. தெர்மாமீட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்தால் எண் தெரிந்துவிடும், தெரிந்தால் அவரோடு சண்டை போட வேண்டும், ஒரு வாரமாக அவரோடு போட்ட சண்டையில் எனக்கும் அலுத்துப்போயிருந்தது. பிஎச் மீட்டர் ஏழு காட்டியது. வால்வைத் திறந்தேன். அவர் சொல்லித்தான் திறந்தேன் என்பது உண்மைதான், ஆனால் திறந்த கை என்னுடையது.

மறுநாள் காலை தொட்டியருகே போனேன். வழக்கமாக மழை பெய்த மண் வாசம் வரும். அன்று சோறு வடித்த கஞ்சி வாசம் வந்தது. மேலே வெள்ளை நுரை கட்டி நின்றது. கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை மொண்டு வைத்தேன். அரை மணி நேரத்தில் சேறு கீழே படிந்து மேலே தெளிய வேண்டும். அன்று ஒரு மணி நேரமாகியும் கலங்கலாகவே நின்றது. ஆக்சிஜன் மீட்டரை இறக்கினால், வழக்கத்தைவிட மூன்று மடங்கு காட்டியது.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வாஹ்! ஆக்சிஜன் சூப்பரா இருக்கே!"

"மூச்சு விட ஆளே இல்லாத வீட்டுல காத்து மிச்சமாத்தான் பாஸ் இருக்கும்," என்றேன். "எல்லாம் செத்துப்போச்சு. மெஷினை நிறுத்துங்க. மாவுத் தண்ணி அப்படியே ஆத்துக்குப் போகுது."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. "மத்தியானத்தோட மூடுறோம். கொஞ்ச நேரம்தானே. வெளிய யார்கிட்டயும் பேசாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பியின் மீன் கூண்டுகள் இருந்தன. பத்து வருடம் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, கையிலிருந்த அத்தனையையும் போட்டு சியாக்காப் என்கிற கொடுவா மீன் வளர்க்க இறங்கினான். பெருநாளுக்கு சீனர் வீடுகளில் முழு மீன் வேண்டும். அதற்காகவே வளர்த்த மீன்கள் அவை. மறுநாள் மத்தியானம் லாரி வருவதாக இருந்தது. "இது மட்டும் நல்லபடியா போயிட்டா, இனி அந்தப் பாலத்தை மிதிக்கவே மாட்டேன்க்கா," என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான்.

தொட்டியில் தின்னப்படாத மாவு ஆற்றில் தின்னப்படும். விருந்து கிடைத்த வேகத்தில் ஆற்றுப் பாக்டீரியாக்கள் பெருகி, தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். விடியும்போது மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. எனக்கு இது அத்துப்படி. ஃபோனை எடுத்து அவன் நம்பரையும் தேடிவிட்டேன். 'தம்பி, இன்னிக்கே மீனைத் தூக்கிடு' என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பான். சொன்னால் விஷயம் வெளியே வரும். வால்வு பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதற்குப் பயம் என்று பெயர், வேறு நல்ல பெயரெல்லாம் கிடையாது.

மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுக்கா! உங்க மீட்டரக் கொண்டாந்து கொஞ்சம் பாருங்கக்கா, சீக்கிரம்!"

என் வேலைப் பையில் இரண்டு மீட்டரும் இருந்தன. ஆக்சிஜன் மீட்டரை எடுத்து அடுப்படி டிராயரில் வைத்து மூடினேன். பிஎச் மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன்.

நான் போவதற்குள் பாதிக்குமேல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மிச்சம் மூலையில் அடைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காற்று பம்ப் குழாயை ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். பலகைமேல் குனிந்து மீட்டரை இறக்கினேன்.

"எத்தனக்கா?"

"ஏழு."

"ஏழுன்னா?"

"புளிப்புமில்ல, காஸ்டிக்குமில்ல. நல்ல தண்ணி." அந்த எண் பொய்யில்லை, சத்தியமாக ஏழுதான் காட்டியது.

அவன் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். "அப்ப நான்தான்கா. நேத்து சாயங்காலம் தீனி ரெண்டு பங்கு போட்டேன், எடை கூடட்டும்னு. பேராசைக்கா. நானே கொன்னுட்டேன்." பெரிய ஆண்பிள்ளை, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதான். இல்லடா தம்பி, நீயில்லடா என்று தொண்டை வரைக்கும் வந்தது. பாவி நான், விழுங்கிவிட்டேன். கிளம்பும்போது, உயிரோடு இருந்ததில் பெரிதாக இரண்டைப் பையில் போட்டுக் கொடுத்தான். "காலையிலயே ஓடி வந்தீங்க, கறி வைங்கக்கா." அதையும் வாங்கிக்கொண்டேன்.

தொட்டி பிழைத்துக்கொண்டது. வேறொரு ஃபேக்டரியிலிருந்து உயிருள்ள சேறு கொண்டுவந்து கலந்து, மாவைப் பத்தியமாகக் கொடுத்து, சில வாரத்தில் மண் வாசம் திரும்பியது. தம்பி கூண்டுகளை விற்றுவிட்டான். இப்போது மறுபடியும் விடியுமுன் என் ஜன்னலுக்குக் கீழே அவன் மோட்டார் சைக்கிள் உறுமுகிறது, பாலத்துக்கு.

போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனிடம் கேட்டார்: "மீன் செத்தப்ப ஃபேக்டரித் தண்ணி ஏதும் வந்திருக்குமோப்பா?" அவன் தலையை ஆட்டி மறுத்தான். "அதெல்லாம் இல்லண்ணே. நம்ம தண்ணி அக்காவே நேர்ல வந்து டெஸ்ட் பண்ணாங்க. தண்ணியில ஒரு குத்தமும் இல்ல, தப்பு என்னுது." அந்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.