விடிந்த பிறகு வந்த தூக்கம்

மேரு நகரில் வசிக்கும் எனக்குப் பல மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. செராஸிலிருந்து வந்த நாத்தனார், மருத்துவர் தனக்குக் கொடுத்த தூக்க மாத்திரைகளை என்னிடம் நீட்டினாள்.

“ஒண்ணு போடுங்க அண்ணி, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம் லா.”

போட்டேன்; தூக்கம் வரவில்லை. எரிச்சலில் விடியும் நேரத்தில் இன்னொன்றையும் விழுங்கினேன். பிறகு, வழக்கம்போல் மகளைப் பள்ளிக்குக் காரில் அழைத்துப் போனேன்.

“அம்மா, லோரி!”

அவள் அலறலில்தான் கண் விழித்தேன். பிரேக்கை மிதித்ததில், முன்னால் நின்ற லோரியை ஒட்டிக் கார் நின்றது.

இப்போது நானே மருத்துவரைப் பார்க்கிறேன். மாலைக்குமேல் தே தாரேக் என்னும் பால் தேநீர் குடிப்பதில்லை. தூங்காத இரவுக்கு மறுநாள் கார் சாவி என் கணவரிடம்தான்.

முன்பு பெரும்பாலும் காரில் ஏறியதும் தூங்கிவிடும் மகள், இப்போது வழிநெடுக என் கண்களையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.