எந்தக் கடலூர்?

2011 ஜூலையில் ஒப்பந்தக்காரர் கொடுத்த பணி உத்தரவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் வேலைக்குப் பெயர் 'பயணியர் சேவைப் பணியாளர்'. ரயிலின் ஏசி பெட்டியில் போர்வை, கம்பளி, தலையணை கொடுக்க வேண்டும். இறங்க வேண்டியவர்களை எழுப்பிவிட வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "தம்பி, கம்பளி" என்பார்கள். சிலர் வெறும் "கம்பளி" என்பார்கள். பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் நாள் முழுக்க யாரோடும் பேசாமல் போய்விடும். கதவோரம் அழுக்குப் போர்வை மூட்டையின் மேல் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தாள். மனைவி பிரசவத்துக்குக் கடலூர் முதுநகரில் தாய்வீட்டில் இருந்தாள். மாற்று ஆள் இல்லையென்று விடுப்பு தள்ளிக்கொண்டே போனது. கார்த்திகை பிறந்தும் குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்போதுதான் பகலில் அந்த வழியாகப் போகும் வண்டி ஒன்றில் என்னைப் போட்டார்கள். "வண்டி கடலூர்ல நிக்கும், ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு வா" என்று போனில் சொன்னேன்.

வண்டி திருப்பாதிரிப்புலியூரில் நின்றது. நடைமேடையின் இரு கோடியிலும் தேடினேன், அவளைக் காணவில்லை. போன் செய்தேன்.

"எங்க நிக்கிற?"

"ஸ்டேஷன்லதான் மாமா. வண்டி இன்னம் வரல."

"நான் ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்!"

"எந்த ஸ்டேஷன்ல? நம்ம ஓ.டி.லயா?"

ரயிலில் வேலை செய்பவனுக்கு, அதிலும் சிதம்பரத்துக்காரனுக்கு, வண்டி நிற்குமிடம்தான் கடலூர். முதுநகர்க்காரிக்கு ஓ.டி., அதாவது ஓல்டு டவுன் என்கிற முதுநகர் ஸ்டேஷன்தான் கடலூர்; இது வெறும் திருப்பாப்புலியூர். எங்கள் வண்டி ஓ.டி.யில் நிற்காது.

சொன்னேன்.

"நீதான கடலூர்னு சொன்ன? சரி, கதவுகிட்ட நில்லு. தூக்கிக் காட்டுறேன்."

வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்துப் பெட்டியில் வேலை செய்யும் விழுப்புரத்துக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ஊருக்கு ரெண்டு ஸ்டேஷன் கட்டி வெச்சதே உன்ன மாரி ஆளுக்குத்தான் மச்சான்" என்றான். அதற்குள் உள்ளே ஓர் அம்மாள், "தம்பி, சிதம்பரம் வருதே, பொட்டிய இழுத்துக் குடுப்பா" என்றார். "நீ நவுராத, நான் பாக்குறேன்" என்று அவனே உள்ளே போனான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். ஓ.டி. நடைமேடை வந்தது. வேகம் குறையவில்லை. மேம்பாலப் படியருகே ஒருத்தி வெள்ளைத் துண்டில் சுற்றிய குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கையை ஆட்டினேன். அவள் முகத்தைக் குழந்தை மறைத்திருந்தது. அவ்வளவுதான், நடைமேடை முடிந்துவிட்டது.

போன் அடித்தது. "பாத்தியா மாமா?"

"பாத்தேன்."

"யார மாரி இருக்கா?"

"உன்ன மாரிதான்."

"பொய்யி. எல்லாரும் உன் மூக்குன்றாங்க."

மார்கழியில் விடுப்பு கிடைத்து முதுநகர் போனேன். மூக்கு என்னுடையதுதான். பேச்சுவாக்கில் மனைவி, அன்று தானும் அம்மாவும் தண்ணீர்க் குழாயருகே நின்றதாகச் சொன்னாள். நான் பார்த்தது படியருகே; குழாய் நடைமேடையின் மறுகோடியில் இருக்கிறது. மாமியாரோ, வண்டிச் சத்தம் கேட்டதும் படிப்பக்கம் ஓடினோம் என்கிறார். இல்லவே இல்லை என்கிறாள் மனைவி. இருவரையும் பல முறை கேட்டுவிட்டேன். அன்று நான் கையாட்டியது என் மகளுக்குத்தானா என்பது இதுவரை உறுதியாகவில்லை.