இடது கையால் தொட்டவள்

பிள்ளைகளே, என் மகள் ஆடிய கபடிப் போட்டி டிவியில் வந்த அன்று நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் கள்ளக்குறிச்சியில் புது டிவி வாங்கி, எச்டி பாக்ஸும் மாட்டியிருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே சட்டை. என் மகள் யாரென்றே தெரியவில்லை.

பாக்ஸை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் ஆகவில்லை. கேபிள்காரருக்குப் போன் செய்தேன்.

"லைன்லயே சிக்னல் கம்மிண்ணா. எச்டிய வுட்டுட்டு சாதா சேனல்ல பாருங்க, ஓடும்" என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. டிவிக்குப் பின்னால் போய் மறுபடியும் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"ஏங்க, ஓடியாங்க! நம்ம பொண்ணு கபடி பாடிக்கினு போறா!" என்று என் மனைவி கத்தினாள்.

"இந்தப் படத்துல அவதான்னு எப்படித் தெரியுது?"

"நடுக்கோட்டை இடது கையால தொட்டுக் கும்பிட்டாளே! நீங்க திட்டுவீங்களே, அதே கை!"

நான் முன்னால் வருவதற்குள் எதிரணி அவளைப் பிடித்து வெளியே உட்கார வைத்துவிட்டது. அதன் பிறகு அவள் களத்துக்கு வரவேயில்லை.

சாயந்திரம் போன் செய்தாள். "அப்பா, நான் பாடுனதப் பாத்தியாப்பா?"

"அம்மா பாத்தாம்மா" என்றேன்.

சாதா சேனலே போதும் என்று நானும் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.