நான் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரம்

நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, ஆய்வுக்காகப் பெண்கள் சிறைக்குப் போய் வந்த நாட்கள் அவை. அன்று வார்டர் அழைத்து வந்த பெண்ணும் எங்கள் ஊர்தான். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"விருப்பமில்லையென்றால் இப்போதே எழுந்து போகலாம்" என்று படிவத்தை வாசித்தேன்.

"சரிங்க" என்று கையெழுத்துப் போட்டாள். ஒரு மணி நேரம், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நல்ல பேட்டி கிடைத்ததென்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

முடிந்ததும், "மணி என்னாங்க?" என்றாள்.

"ஒண்ணரை."

"அப்ப அவரு செகண்ட் ஷிப்டுக்குக் கெளம்பியிருப்பாரு. வூட்டுல ஒரே போனு, அவரு எடுத்துக்கினு போயிடுவாரு. எங்களுக்கு வாரத்துல ஒருக்காதான் பேச வுடுவாங்க. அது இன்னிக்கிதான். நாலு வயசுப் பாப்பா, காத்துக்கினு இருந்திருக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வார்டரம்மா வான்னாங்க. வரலைன்னு சொல்லிட்டு, அப்புறம் உள்ள இருக்கப்போறது நான்தானுங்களே."

நாளைக்காவது அவளைப் பேச விடும்படி வார்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அவங்க முறை முடிஞ்சிருச்சு மேடம். இனிமே அடுத்த வாரந்தான்" என்றார்.

"வுடுங்க மேடம்" என்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இரண்டு மணி ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை இருக்கக்கூடும் என்றுதான் தோன்றவில்லை.

இப்போதெல்லாம், "இந்த நேரத்துல உங்களுக்கு வேற ஏதாவது இருந்ததா?" என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் "ஒண்ணுமில்லீங்க" என்கிறார்கள். அதை நம்பலாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.